கீபோர்டை வெளி அம்ப்ளிஃபயரில் போட்டால் பேஸ் எங்கே போகிறது?

திருவெம்பாவைப் பத்து நாளும் கரோல் இரவுகளும் நெருங்கும் மார்கழியில், கொழும்பில் ஒலியமைப்பு வேலை செய்பவர்களின் காதில் அடிக்கடி விழும் முறைப்பாடு ஒன்று உண்டு. வீட்டில் நிறைவாகக் கேட்ட கீபோர்ட், மண்டபத்து அம்ப்ளிஃபயருக்கு (அம்ப்) போனதும் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கும். அடி ஒலியான பேஸ் இல்லை, தாளத்தில் பெரிய டிரம்மின் கிக் இல்லை. பியானோ மட்டும் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் மெலிதாய் வரும். உடனே கீபோர்டைத் திருத்தக் கொடுத்துவிடுகிறார்கள். கீபோர்டில் ஒரு பிழையும் இல்லை. பிழை ஜாக்கின் நுனியில் இருக்கும் கறுப்பு வளையங்களின் எண்ணிக்கையில்தான்.

ஒரு கறுப்பு வளையம் உள்ள ஜாக் மோனோ. இரண்டு வளையம் உள்ளது ஸ்டீரியோ ஜாக், மூன்று தொடுமுனை கொண்டது. நம் வீடுகளில் இருக்கும் சிறிய கீபோர்டுகள் பலவற்றில் ஹெட்போன் துளை ஒன்றுதான் வெளியே போகும் வழி. யமஹா பிஎஸ்ஆர்-இ373இல் அது 6.35 மில்லிமீற்றர் துளை. கசியோ சிடி-எஸ்300இல் 3.5 மில்லிமீற்றர். இந்தத் துளையில் ஜாக்கின் நுனி இடப்பக்க ஒலியையும், இரு கறுப்பு வளையங்களுக்கும் நடுவே உள்ள உலோக வளையம் வலப்பக்க ஒலியையும் தருகின்றன. ஆனால் மிக்ஸரின் லைன் துளையும் பவர் ஸ்பீக்கரின் துளையும் பெரும்பாலும் பேலன்ஸ்ட் முறையில் வேலை செய்பவை. நுனியில் வருவதிலிருந்து உலோக வளையத்தில் வருவதைக் கழித்து, மிஞ்சுவதையே அவை ஒலியாக எடுக்கும். நீண்ட மைக் வயரில் ஏறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரேமாதிரி இருப்பதால் அழிந்துபோகட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கீபோர்டில் பேஸும் கிக்கும் இரு பக்கமும் சம அளவில் வருகின்றன. ஸ்டீரியோ கேபிளை நேரே சொருகினால் மிக்ஸர் அவற்றையும் இரைச்சலென்றே எண்ணி அழித்துவிடுகிறது. மிஞ்சுவது இரு பக்கத்துக்குமிடையே உள்ள வேறுபாடு மட்டும்.

இதற்கு மருந்து ஒரு வை கேபிள். ஒரு முனையில் ஸ்டீரியோ ஜாக், மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக். அவற்றை மிக்ஸரில் இரு சனல்களில் போட்டு, மண்டபம் ஸ்டீரியோ என்றால் ஒலியை இடம், வலம் தள்ளும் 'பான்' திருகியை ஒன்றில் இடத்துக்கும் மற்றதில் வலத்துக்கும் திருப்புங்கள். எல்லாப் பொக்ஸிலும் ஒரே ஒலி போகும் மண்டபமென்றால் இரண்டையும் நடுவில் விட்டால் போதும். ஸ்பீக்கரில் ஒரே துளைதான் இருக்கிறதென்று இடம், வலம் இரண்டையும் ஒன்றாக முறுக்கிப் பற்றவைக்காதீர்கள். அப்படிச் செய்தால் கீபோர்டுக்குள் இருக்கும் ஒரு பக்கத்து அம்ப் மறுபக்கத்து அம்பைத் தள்ளத் தொடங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்த பிறகே சேர்க்க வேண்டும். ஹெட்போன் துளையில் மோனோ ஜாக்கைச் சொருகுவதும் நல்லதல்ல. வலப்பக்க ஒலி நேரே கிரவுண்டில் ஷோர்ட் ஆகும்.

பெரிய கீபோர்டுகளில் எல்/மோனோ, ஆர் என்று இரு துளைகள் தனியாக இருக்கும். ஒரு வயர்தான் கையில் உள்ளதென்றால் அதை எல்/மோனோவில் போடுங்கள். இரு பக்க ஒலியையும் கீபோர்டே உள்ளே கலந்து கொடுக்கும். ஆர் துளையில் மட்டும் போட்டால் பாதி ஒலிதான் வரும்.

அடுத்த தவறு மைக் துளை. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்; கீபோர்ட் தருவது அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அதனால்தான் மைக் துளையில் போட்டதும் ஒலி உடைந்து கரகரக்கிறது. ஹெட்போன் ஜாக்கிலிருந்து மைக் வயரில் வரும் மூன்று கால் கெனன் (எக்ஸ்எல்ஆர்) முனைக்கு வயர் செய்து போடுபவர்களும் இருக்கிறார்கள். பேஸ் அழிவது ஒருபுறம் இருக்க, மிக்ஸரில் பான்டம் பவர் (மைக்குக்கு அதே வயரில் அனுப்பும் மின்சாரம்) போட்டிருந்தால் 48 வோல்ட் கீபோர்டின் ஹெட்போன் பகுதிக்குள் திரும்பி வரும். சாதாரண ஜாக் வயர் ஐந்தாறு மீற்றருக்கு மேல் போனால் இரைச்சலைப் பிடிக்கும். மேடையில் இருந்து மண்டபத்தின் பின்னால் இருக்கும் மிக்ஸருக்குப் போக வேண்டுமென்றால் டிஐ பொக்ஸ் தேவை. கீபோர்டின் ஒலியை மைக் அளவுக்குக் குறைத்து, பேலன்ஸ்ட் ஆக்கித் தரும் சிறு பெட்டி அது. அதில் இருந்து கெனன் கேபிளில் மைக் துளைக்கே போகலாம். ஸ்டீரியோவுக்கு இரு சனல் டிஐ வாங்குங்கள். எங்கள் கருத்தில், கீபோர்டுக்காக முதலில் செலவு செய்ய வேண்டிய பொருள் இதுதான். புது ஸ்பீக்கர் பிறகு.

கிட்டார் அம்பில் கீபோர்டை வாசிப்பது கடைசி வழியாக இருக்கட்டும். அதில் உயர் ஒலிக்கான ட்வீட்டர் இல்லை. 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் ஒலி வேகமாக மங்கிவிடும். இடக்கைப் பேஸைச் சத்தமாக வாசித்தால் அதன் கோனும் கிழியலாம். வீட்டு ஸ்டீரியோவில் ஒக்ஸ் துளை சரி, போனோ துளை கூடாது. அது இசைத்தட்டு ஊசிக்கானது. புளூடூத் ஸ்பீக்கரோ கட்டை அழுத்திப் பத்தில் ஒரு செக்கனுக்கும் மேல் கழித்துத்தான் ஒலிப்பது வழக்கம். பாடுபவருடன் சேர்ந்து வாசிக்கவே முடியாது.

'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் முதலில் கீபோர்டின் அடப்டரைக் கழற்றிப் பெட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அடப்டரோ, அது வழியாக வரும் கிரவுண்ட் சுற்றோதான் (கருவிகளின் கிரவுண்ட் இரு வழியில் இணைந்து வளையமாவது). கீபோர்ட், மிக்ஸர், அம்ப் மூன்றுக்கும் ஒரே பிளக் பொயின்ட்டில் இருந்து மின்சாரம் எடுங்கள். டிஐ பொக்ஸில், அந்தச் சுற்றை அறுக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். அம்பின் எர்த் காலை வெட்டுவது மட்டும் வேண்டாம், வேண்டவே வேண்டாம். உள்ளே ஒரு வயர் கழன்று தகட்டில் பட்டால் 230 வோல்ட் ஜாக் வழியாக வாசிப்பவரின் கைக்கும், மைக் வழியாகப் பாடுபவரின் உதட்டுக்கும் வரும். கொழும்பின் பழைய வீடுகளிலும் மண்டபங்களிலும் எர்த் பெயருக்கு மட்டும் இருக்கும் இடங்கள் உண்டு. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று நிகழ்ச்சிக்கு முன் கேட்டுப் பாருங்கள். 13 அம்பியர் துளையில் பேனா முனையை விட்டு மூடியைத் திறந்து இரண்டு கால் பிளக்கைத் திணிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். முறையான அடப்டர் பிளக் விலை கூடியதல்ல.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மாற்று அடப்டர் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள்; நடுமுனை பிளஸா மைனஸா என்றும் பாருங்கள். யமஹா பிஏ-130 என்றால் 12 வோல்ட், நடுமுனை பிளஸ். கசியோ ஏடி-5 என்றால் 9 வோல்ட், நடுமுனை மைனஸ். கீபோர்டின் அடியில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுவிட்டே சொருகுங்கள்.

இணைக்கும்போது எல்லா வொல்யூமும் பூச்சியத்தில் இருக்கட்டும். முதலில் கீபோர்ட், பிறகு மிக்ஸர், கடைசியில் அம்ப். அணைக்கும்போது அம்ப்தான் முதலில். இல்லாவிட்டால் 'டப்' என்ற அடி ட்வீட்டரில் விழும். கீபோர்டின் வொல்யூமை முக்கால் அளவில் வைத்து, வாசிக்கப்போகும் மிகச் சத்தமான டோனை அழுத்தியபடி மிக்ஸரின் கெயினைக் கூட்டுங்கள். சிவப்பு விளக்கு மின்னினால் சற்றுக் குறையுங்கள்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஜாக்கைக் கழற்றிய பிறகும் கீபோர்டின் சொந்த ஸ்பீக்கர் பேசாமல் இருக்கும். ஹெட்போன் துளைக்குள் ஸ்பீக்கரை நிறுத்தும் ஒரு சிறு தொடுதகடு இருக்கிறது. உப்புக் காற்றில் அது கறுத்து, ஜாக் இன்னும் உள்ளே இருப்பதாகவே கீபோர்ட் எண்ணிக்கொள்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, கொன்டாக்ட் கிளீனரை ஜாக்கின் மேல் சிறிது அடித்து, பத்துப் பதினைந்து தடவை சொருகிக் கழற்றி, நன்றாகக் காயவிட்டுப் போட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அதோடு சரியாகிவிடும். அப்போதும் பேசாவிட்டால் துளையை மாற்ற வேண்டும். அதற்கு மட்டும் கீபோர்டைத் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.