தீயைக் குளிரவைக்கும் எரிபொருள்

வீட்டு கேஸ் அடுப்பில் நீலமாக, துளிப் புகையில்லாமல் எரியும் தீயிலிருந்தும் நைட்ரஜன் டைஆக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. இத்தனைக்கும் சிலிண்டரில் இருக்கும் எல்பிஜியில் நைட்ரஜனே கிடையாது. அது அடுப்படிக் காற்றில் இருக்கிறது, காற்றில் 78 சதவீதம் அதுதான். மாற்று எரிபொருளைப் பற்றிப் பேசும்போது பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். எரிபொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அது எரியும் காற்றை மாற்ற முடியாது. ஆனால் தீயைக் குளிரவைக்க முடியும், அப்படிச் செய்யும் எரிபொருள்தான் மெத்தனால்.

சாதாரணமாக நைட்ரஜன் யாருடனும் சேராத வாயு. அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் தீயின் வெப்பம் ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் தனித்து அலையும் ஆக்சிஜன் அணு ஒன்று வந்து அந்தக் கட்டை உடைத்து நைட்ரிக் ஆக்சைடாக மாற்றிவிடும், உடைந்து வெளியேறிய இன்னொரு நைட்ரஜன் அணு வேறொரு ஆக்சிஜன் மூலக்கூறைப் போய்ப் பிடிக்கும், இப்படியே சங்கிலியாகத் தொடரும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் சோவியத் இயற்பியலாளர் செல்டோவிச். வெப்பம் கொஞ்சம் கூடினாலும் இந்தச் சங்கிலி பல மடங்கு வேகமெடுக்கும் என்பதுதான் முக்கியம். நிலக்கரி போன்ற எரிபொருளில் உள்ளேயே நைட்ரஜன் இருக்கும், அது தனிக் கதை. எஞ்சின்களில் பெரும்பங்கு வருவது இந்த வெப்ப வழியில்தான்.

அதனால் பச்சை எரிபொருள் என்று பெயர் வைத்தவுடன் நைட்ரஜன் ஆக்சைடு (நைட்ரிக் ஆக்சைடும் டைஆக்சைடும் சேர்ந்தது) குறைந்துவிடாது. பயோடீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். டீசலோடு 20 சதவீதம் கலந்தால் கரித்துகள் குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடோ சுமார் 2 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் கணக்கிட்டது. தீயில் ஒளிரும் கரித்துகள் வெப்பத்தை வெளியே வீசிக் கொஞ்சம் ஆறவைக்கும், அது குறையும்போது தீ இன்னும் சூடாகிவிடுகிறது என்பது ஒரு காரணம். ஹைட்ரஜனும் அப்படித்தான். அதில் கார்பனே இல்லை, ஆனால் தீ மீத்தேனைவிடச் சூடானது. எரியத் தேவையான காற்றைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கலந்து, மெலிந்த கலவையாக எரித்தால் மட்டுமே அதன் நைட்ரஜன் ஆக்சைடு கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மெத்தனாலின் வழி. சானிடைசரை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தால் சில்லென்று இருக்கும், இல்லையா? ஆல்கஹால் ஆவியாகும்போது நம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மெத்தனாலும் ஆல்கஹால்தான், எஞ்சின் சிலிண்டருக்குள் அது செய்வதும் அதே வேலைதான். ஒரு கிலோ மெத்தனால் ஆவியாக ஏறக்குறைய 1100 கிலோஜூல் வேண்டும், டீசலுக்கு அதில் கால் பங்குகூடத் தேவையில்லை. அதோடு மெத்தனாலில் ஆற்றல் டீசலில் பாதிக்கும் குறைவு என்பதால் அதே வேலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். வண்டி ஓட்டுகிறவருக்கு அது குறைதான், பெரிய டேங்க் வேண்டும். ஆனால் தீயைக் குளிரவைக்க அதே குறைதான் கைகொடுக்கிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், அதே அளவு ஆற்றலுக்கு டீசலைவிட எட்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை அது உறிஞ்சுகிறது.

இன்னொன்றும் உண்டு. மெத்தனால் மூலக்கூறில் ஒரே ஒரு கார்பன் அணுதான், கார்பனோடு கார்பன் ஒட்டவில்லை. அதனால் கரித்துகள் பெரும்பாலும் உருவாவதில்லை. டீசல் எஞ்சினில் புகையைக் கொஞ்சம் திருப்பி உள்ளே அனுப்பித் தீயை ஆறவைத்தால் கரி கூடும், கரியைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். பொறியாளர்கள் பல ஆண்டுகளாக இந்த இழுபறியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள், மெத்தனாலில் அந்த இழுபறி பெரும்பாலும் இல்லை.

அப்புறம் தண்ணீர். டீசலில் தண்ணீர் கலக்காது, மெத்தனாலில் எந்த அளவுக்கும் கலக்கும். கப்பல் எஞ்சின்களில் மெத்தனாலோடு தண்ணீரையும் சேர்த்துச் செலுத்தித் தீயை மேலும் தணிக்கிறார்கள். சர்வதேச கடல்சார் அமைப்பின் மூன்றாம் நிலை விதிப்படி, மெதுவாகச் சுழலும் பெரிய எஞ்சின் ஒன்று கிலோவாட் மணிக்கு 3.4 கிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடக் கூடாது. இரண்டாம் நிலையில் அது 14.4 கிராம். 2021 முதல் கட்டப்படும் கப்பல்கள் பால்டிக், வடகடல் பகுதிகளில் ஓடும்போது அவற்றுக்கு மூன்றாம் நிலை கட்டாயம். வழக்கமாக இதற்குப் புகைக்குழாயில் யூரியாவும் வினையூக்கியும் வைக்க வேண்டும், அந்தப் பெரிய சாதனத்தின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. ஸ்வீடனின் கோதன்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கீல் வரை ஓடும் ஸ்டெனா ஜெர்மானிகா என்ற பயணிகள் கப்பல் 2015-இலேயே மெத்தனாலுக்கு மாறியது. மெர்ஸ்க் நிறுவனத்தின், மெத்தனாலில் ஓடும் லாரா மெர்ஸ்க் சரக்குக் கப்பல் 2023-இல் வந்தது.

தமிழ்நாட்டில் மெத்தனால் என்றதும் நினைவுக்கு வருவது கப்பல் அல்ல, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட கள்ளச்சாராயம்தான். அந்தப் பயம் நியாயமானது. மெத்தனால் உடலுக்குள் போனால் கண்ணையும் உயிரையும் எடுக்கும், மூடிய இடத்தில் ஆவியைச் சுவாசித்தாலும் ஆபத்துதான். சுமார் 11 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும், பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அதனால் இந்தக் கப்பல்களின் எஞ்சின் அறையில் எரிபொருள் இரட்டைச் சுவர்க் குழாயில்தான் போகிறது. இரண்டு சுவருக்கும் நடுவில் எந்நேரமும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், துளி கசிந்தாலும் அந்தக் காற்றில் உள்ள உணர்கருவி காட்டிக்கொடுத்துவிடும்.