அடித்தால் ஞாபகம் வருமா?

சட்டம் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “எங்கோ குண்டு வைத்திருக்கிறார்கள், இடம் தெரிந்தவன் கையில் அகப்பட்டிருக்கிறான். அப்போதுமா அவனை அடிக்கக் கூடாது?” 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டையும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளையும் பார்த்த கொழும்பில் இருந்துகொண்டு இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒருவனின் வலியா, நூறு பேரின் உயிரா என்று கேட்டால் யாருக்கும் மனம் நூறு பேரின் பக்கம்தான் போகும். ஆனால் அடித்தால் உண்மை வரும் என்று அந்தக் கேள்வி முன்கூட்டியே நம்பிவிடுகிறது.

பயந்தால் அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கும், அது பள்ளியில் படித்ததுதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. ஒன்றை நினைவுபடுத்தும் ஒவ்வொரு முறையும் மூளையின் ஹிப்போகாம்பஸ் சிதறிக் கிடக்கும் துண்டுகளைக் கூட்டிச் சேர்க்கிறது, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி “இது நடந்தது, இது யாரோ சொன்னது” என்று பிரிக்கிறது, அப்புறம்தான் பதில் வாய்க்கு வருகிறது. கோர்ட்டிசோல் போய் ஒட்டும் ஏற்பிகள் இந்த இரண்டு இடங்களிலும் நிறைய. அளவுக்கு மீறிச் சுரந்தால் கூட்டுவதும் பிழைக்கும், பிரிப்பதும் பிழைக்கும். நித்திரையும் இல்லாமல் வைத்து “சந்தியில்தானே வைத்தாய்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டால், அந்தச் சந்தியே அவனுடைய நினைவாகிவிடலாம்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடி ஒன்றில் முகத்துக்கு டோர்ச் அடித்து விலாசம் கேட்டார்கள். நாலு வருடமாக இருந்த ஒழுங்கையின் பெயர் எனக்கு வரவில்லை. யாரும் என்மேல் கை வைக்கவில்லை, வெறும் டோர்ச்.

எதிரியிடம் பிடிபட்டால் தாங்குவதற்கான பயிற்சியில் இருந்த 500க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரை வைத்து மனநல மருத்துவர் சார்ல்ஸ் மோர்கனின் குழு செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் தங்களைக் கடுமையாக விசாரித்தவரை மறுநாள் ஆட்களோடு ஆளாக வரிசையில் நிறுத்தியபோது, பெரும்பாலானோரால் அவரைச் சரியாகக் காட்ட முடியவில்லை.

சரி, சிலர் பேசுவார்களே? பேசுவார்கள், எதைச் சொன்னால் வலி நிற்குமோ அதை. அதற்குள் உண்மை இருந்தாலும் கேட்பவருக்கு அதைப் பிரித்தறிய வழியில்லை, குண்டோ காத்திருக்காது. அமெரிக்கா பிடித்த லிபியக் கைதி இப்னு அல் ஷேக் அல் லீபி சித்திரவதையில் சொன்ன ஈராக்–அல்கைதா தொடர்பு 2003 பெப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் கொலின் பவலின் ஐ.நா. உரைவரை போனது. அடுத்த வருடம் அல் லீபி அதை மறுத்தபோது ஈராக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

அடி பலித்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கட்டிப்போட்ட மனிதன்மேல் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. நமது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையும் விதிவிலக்கே இல்லாமல் சித்திரவதையைத் தடுக்கிறது. ஆனால் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கிறது, அதை ஏற்கக் கூடாது என்று நிரூபிக்கும் பாரத்தையும் கொடுத்தவர் தலையிலேயே வைக்கிறது. மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு இந்தப் பிரிவை என்னால் ஏற்க முடியவில்லை.

அடிக்காமல் கேட்கவும் வழி இருக்கிறது. உளவியலாளர்கள் ஃபிஷரும் கைசல்மனும் 1980களில் உருவாக்கிய நேர்காணல் முறையில், நடந்த இடத்தை மனதுக்குள் திரும்பக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்கு ஓர் அமைதியான அறையும் இரண்டு கதிரைகளும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். அந்தப் பயிற்சிக்கும் நமது பல்கலைக்கழகங்களின் உளவியல் ஆய்வுக்கும் அரசு காசு ஒதுக்க வேண்டும்.