பாதியில் அறுபடும் முழக்கம்: எண்பதுகளின் டிரம் ஓசை எப்படி உருவானது?

எண்பதுகளின் ராக் பாட்டு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாடகர் வாயைத் திறக்க வேண்டாம், சின்தசைசர் வர வேண்டாம். டிரம் செட்டில் ‘டப்’ என்று கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் டிரம்மில் விழும் முதல் அடியே அது எந்தப் பத்தாண்டின் பாட்டு என்று காட்டிக்கொடுத்துவிடும். பெரிய கல் கூடத்துக்குள் வெடி வெடித்ததுபோலத் தொடங்கும் அந்தச் சத்தம், தேய்ந்து மறைவதற்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோலச் சட்டென்று நின்றுவிடும். ஒலிப்பதிவுக் கூடங்களில் இதை ‘கேட்டட் ரிவெர்ப்’, அதாவது கதவு போட்டு அடைத்த முழக்கம் என்பார்கள்.

ஒரே அடியில் காலம் தெரிவது வெறும் பிரமை இல்லை. கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் கேரல் கிரம்ஹான்சல் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 1960கள் முதல் 2000கள் வரையிலான பிரபலப் பாடல்களிலிருந்து 400 மில்லி விநாடித் துணுக்குகளை மட்டும் எடுத்துக் கேட்கவைத்தார். நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான தடவை, பாட்டையும் பாடியவரையும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பாட்டு பிடிபடாதபோதும் அதன் பாணியும், ஓரளவுக்கு அது வெளிவந்த பத்தாண்டும் அவர்களுக்குப் புலப்பட்டன. அந்த 400 மில்லி விநாடிக்குள் கேட்டட் ரிவெர்ப் போட்ட ஸ்னேர் அடி ஒன்று முழுதாக ஒலித்து அடங்கிவிடும்.

முதலில் முழக்கத்தைப் பார்ப்போம். சாமான் ஏற்றாத புது வீட்டில் கைதட்டினால் சத்தம் அதிர்ந்து நிற்கும். சோபாவும் திரைச்சீலையும் வந்த பிறகு அதே அறை அடங்கிப்போகும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப 17 மில்லி விநாடிதான் ஆகும். எல்லாச் சுவர்களிலிருந்தும் இப்படித் திரும்பும் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலப்பதுதான் பள்ளிப் புத்தகம் சொல்லும் எதிர்முழக்கம். ஒலி 60 டெசிபல் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து இதை அளப்பார்கள். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து உறிஞ்சும் அளவால் வகுத்தால் அந்த நேரம் விநாடியில் கிடைக்கும். இது வாலஸ் சபைன் கண்ட சூத்திரம்.

6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள அறைக்குப் போட்டுப் பாருங்கள். கன அளவு 120, மொத்தப் பரப்பு 148 சதுர மீட்டர். மேற்பரப்புகள் ஒலியில் 30 சதவீதத்தை உறிஞ்சினால் முழக்கம் 0.44 விநாடியில் அடங்கிவிடும். அதே அறை கல்லும் மரமுமாக இருந்து 5 சதவீதம்தான் உறிஞ்சினால் 2.6 விநாடி நீளும்.

எழுபதுகளின் ஸ்டுடியோக்கள் முதல் வகையைத்தான் விரும்பின. 16, 24 டிராக் டேப் வந்துவிட்டதால் ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாகப் பதிய முடிந்தது. ஒன்றின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் கசியக் கூடாது என்பதற்காகக் கம்பளம் விரித்த சின்ன அறைக்குள் டிரம் செட்டை அடைத்தார்கள். தோலின்மேல் டேப் ஒட்டினார்கள், டாம் எனப்படும் கனத்த ஒலி டிரம்களின்மேல் துண்டு போட்டு மூடினார்கள். அந்தக் காலத்து டிரம் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். வேண்டிய முழக்கத்தைப் பிறகு அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு உடைந்த இடம் மேற்கு லண்டனில், 1978-இல் திறந்த டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. அதன் இரண்டாம் கூடத்தில் கல் சுவர் வைத்த டிரம் அறை இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் எஸ்.எஸ்.எல். நிறுவனத்தின் புது மிக்ஸிங் மேசை. அதில் இரண்டு வசதிகள் முக்கியம். ஒன்று, ஒவ்வொரு சேனலிலும் ஒரு கம்ப்ரஸரும் (பெரிய ஒலிக்கும் சிறிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்குவது) ஒரு நாய்ஸ் கேட்டும் (ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் கதவுபோல மூடிக்கொள்வது) உள்ளேயே இருந்தன. இன்னொன்று, ‘லிசன் மைக்’. கூடத்தில் இருக்கும் இசைக்கலைஞர்கள் பேசுவது பொறியாளர் காதில் விழுவதற்காகத் தொங்கவிட்ட மைக் அது. ஒருவர் மைக் அருகே கத்துவார், இன்னொருவர் மூலையிலிருந்து முணுமுணுப்பார். இரண்டும் ஒரே அளவில் கேட்க வேண்டும் என்பதற்காக அந்த மைக்கின் பாதையில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் ஒன்றை வைத்திருந்தார்கள். இசைக்காக வைத்தது இல்லை, டேப்புக்குப் போகும் இணைப்பும் அதற்குக் கிடையாது.

1979-இல் பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்கான பதிவு அங்கே நடந்தது. தயாரிப்பு ஸ்டீவ் லில்லிவைட், பொறியாளர் ஹியூ பேட்ஜம், டிரம்ஸ் ஃபில் காலின்ஸ். காலின்ஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போது பேட்ஜம் லிசன் மைக் பொத்தானை அழுத்த, கட்டுப்பாட்டு அறை ஸ்பீக்கரில் அந்த ராட்சத ஓசை வந்து விழுந்தது. அதைப் பதிய வழியில்லை என்பதால் மேசையின் வயரிங்கையே மாற்றி ஒரு சேனலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சேனலில் கேட் இருந்தது. அதைப் போட்டதும் முழக்கத்தின் வால் அறுந்தது. ஆல்பத்தில் சிம்பலே (டிரம் செட்டின் உலோகத் தட்டு) வேண்டாம் என்று கேப்ரியல் சொல்லியிருந்ததும் பெரிய உதவியாக அமைந்தது. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். 1980-இல் வந்த அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு இந்த டிரம் ஓசையோடுதான் தொடங்குகிறது.

உள்ளே நடப்பதை எண்களில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2.6 விநாடி முழக்கம் உள்ள அறையில் ஒலி விநாடிக்குச் சுமார் 23 டெசிபல் வீதம் இறங்கும். அடி விழுந்த 300 மில்லி விநாடியில் 7 டெசிபல் இறங்கியிருக்கும். இதை 20-க்கு 1 என்று வைத்த கம்ப்ரஸருக்குள் விட்டால், உள்ளே 20 டெசிபல் மாறினால் வெளியே 1 டெசிபல்தான் மாறும். ஆக அந்த 7 டெசிபல் சரிவு அரை டெசிபலுக்கும் கீழே சுருங்கிப்போகும். சரிவு சமதளமாகிவிட்டது. அதற்குப் பிறகு கேட் வந்து முழுவதையும் ஒரே வெட்டாக மௌனத்துக்குத் தள்ளுகிறது. மலைச்சரிவுபோல இருக்க வேண்டிய ஒலி செங்கல் வடிவமாகிறது. இந்தச் செங்கல்தான் எண்பதுகளின் கையெழுத்து. இயற்கையில் எந்த அறையும் இப்படி ஒலிக்காது. தொடக்கத்தில் வந்து மொய்க்கும் பிரதிபலிப்புகள் ‘இது பெரிய கல் கூடம்’ என்கின்றன. அறுந்த வால் ‘இல்லை, பஞ்சடைத்த அறை’ என்கிறது. மூளைக்கு இரண்டையும் ஓர் இடத்தில் பொருத்த முடியவில்லை. அந்த விசித்திரம்தான் நம்மை உலுக்குகிறது.

அது அவ்வளவு பலமாகக் கேட்பதற்குக் காரணம் காதில் இருக்கிறது. காது ஒலியின் உச்சத்தை மட்டும் வைத்துச் சத்தத்தை அளப்பதில்லை. 100 முதல் 200 மில்லி விநாடி வரை வந்துசேரும் ஆற்றலைக் கூட்டித்தான் ‘எவ்வளவு சத்தம்’ என்று முடிவு செய்கிறது. உச்சம் ஒன்றாகவே இருந்தாலும், ஊசிபோல வந்து மறையும் அடியைவிடச் செங்கல்போல நிற்கும் அடி பலமாகக் கேட்கும். டேப்புக்கும் எஃப்.எம். ஒலிபரப்புக்கும் தொலைக்காட்சிக்கும் உச்சத்தில் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை மீறாமலே பெரிதாகக் கேட்கவைக்கும் வழி இது.

இன்னொரு பலனும் உண்டு. பலமான ஒலி ஒன்று முடிந்த பிறகும் 100, 200 மில்லி விநாடிக்கு மெல்லிய ஒலிகள் காதில் ஏறுவதில்லை. நீண்ட முழக்கம் பாட்டு முழுக்கப் படர்ந்தால் குரலின் மெய்யெழுத்துகள் எல்லாம் அதில் மூழ்கிவிடும். வாலை வெட்டினால் அடுத்த அடி வரை குரலுக்கு இடம் கிடைக்கிறது.

1981 ஆகஸ்ட் 1-இல் இசை வீடியோக்களுக்கான அமெரிக்கத் தொலைக்காட்சி எம்.டிவி தொடங்கியபோது இந்த ஓசைக்குச் சரியான ஊர்தி கிடைத்தது. காலின்ஸ் அந்த ஆண்டு ஜனவரியில் தனியாக வெளியிட்ட ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டின் வீடியோ முதல் நாள் ஒளிபரப்பிலேயே இருந்தது. அன்றைய தொலைக்காட்சிப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாக ஒலிக்காது. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் 60 ஹெர்ட்ஸ் வயிற்றில் உணர வேண்டிய சங்கதி. அந்தப் பெட்டியில் அது காணாமல் போய்விடும். கேட்டட் ஸ்னேரின் ஆற்றல் 200 ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவி நிற்பதால் அது தப்பித்துவிடுகிறது. இந்த ஓசை வீடியோக்களோடு இவ்வளவு இறுக ஒட்டிக்கொண்டதற்கு என் கணிப்பில் இதுவே முக்கியக் காரணம்.

இனி செய்முறை. எந்த ஒலிப்பதிவு மென்பொருளிலும் செய்யலாம். கடினமான சுவர்கள் உள்ள அறை இருந்தால் டிரம்மிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி இரண்டு மைக் வையுங்கள். அறை இல்லையென்றால் 2 முதல் 3 விநாடி நீளமுள்ள ரிவெர்ப் ப்ளகின் (மென்பொருளில் சேர்க்கும் துணை நிரல்) போதும், அதில் ப்ரீ-டிலேயை (முழக்கம் தொடங்குமுன் விடும் இடைவெளி) பூஜ்யமாக வையுங்கள். அடுத்து கம்ப்ரஸர்: விகிதம் 10-க்கு 1-லிருந்து 20-க்கு 1, அட்டாக் (அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்) 1 முதல் 3 மில்லி விநாடி, ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 50 முதல் 100 மில்லி விநாடி. ஒலி எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் முள் 15 முதல் 20 டெசிபல் வரை இறங்க வேண்டும். கொடூரமாகத் தோன்றும், பயப்படாதீர்கள். கடைசியில் கேட். இந்த வரிசை மாறக் கூடாது. கேட்டை ரிவெர்ப்புக்கு முன்னால் போட்டால், ஸ்னேர் மட்டும் வெட்டுப்பட்டு முழக்கம் அதுபாட்டுக்கு நீண்டுகொண்டிருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

கேட்டை அறை மைக்கின் சத்தத்தால் திறக்கவிடாதீர்கள். ஸ்னேருக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்கிலிருந்து சைட்செயின் (வேறொரு ஒலியால் கேட்டைத் திறக்கவைக்கும் இணைப்பு) கொடுங்கள். 5 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு அடி போய்ச்சேர 15 மில்லி விநாடி ஆகும். அதற்குள் கேட் திறந்து காத்திருக்கும், அடியின் முனை மழுங்காது. இரண்டு அறை மைக்குகளின் கேட்டும் ஒன்றாகவே திறந்து மூட வேண்டும். தனித்தனியாக விட்டால் ஓசை இடமும் வலமும் தாவும்.

எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பாட்டின் வேகம் சொல்லும். 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்ற எண்ணால் வகுத்தால் ஒரு தாளத்தின் நீளம் மில்லி விநாடியில் வரும். 100 என்றால் 600. அதில் பாதியான 300-க்குள் கேட் மூடிவிட வேண்டும்: ஹோல்ட் (திறந்தே நிற்கும் நேரம்) 230, ரிலீஸ் (மூட எடுக்கும் நேரம்) 40 என்று தொடங்கிக் காதால் திருத்துங்கள். வெட்டு கூர்மையாக வேண்டும் என்று ரிலீஸை 2 மில்லி விநாடிக்கு இறக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். 100 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி வேண்டும். சுற்றின் நடுவில் வெட்டினால் அலை படி இறங்கியதுபோல உடைந்து அந்த டிக்காகக் கேட்கிறது.

கெட்டுப்போகும் இடங்களில் முதன்மையானது ஹை-ஹாட், அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல். கம்ப்ரஸர் மெல்லிய ஒலிகளை எல்லாம் மேலே தூக்குவதால், கேட் திறந்திருக்கும் நேரமெல்லாம் சிம்பலும் ஹை-ஹாட்டும் இரைச்சலாக ஊதும். கேப்ரியலின் சிம்பல் தடை உதவியது இதனால்தான். ஹை-ஹாட்டே கேட்டைத் திறந்துவிட்டால், சைட்செயினில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டுங்கள். கிக் டிரம் முழக்கத்தில் ஏறினால் எல்லாம் சேறாகும். ரிவெர்ப் பாதையில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பெரிய அடிகளுக்கு நடுவே லேசாகத் தட்டும் மெல்லிய கோஸ்ட் அடிகள் கேட்டைத் திறக்காமல் வறண்டு நிற்கும், அல்லது திறந்து பெரிய அடிக்குச் சமமாக வெடிக்கும். இதற்கு மருந்து இல்லை, வாசிப்பவர் அவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். அடிகள் தொடர்ந்து பொழியும் வேகமான ரோலில் கேட் மூட நேரமே கிடைக்காது. 120 வேகத்தில் பதினாறாம் அடிகளுக்கு (ஒரு தாளத்துக்கு நான்கு அடி) இடையே 125 மில்லி விநாடிதான் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் ஹோல்டை 80 வாக்கில் குறையுங்கள்.

இவ்வளவு பாடும் படாமல் இருக்கப் பெட்டிகள் வந்தன. பிரிட்டனின் ஏ.எம்.எஸ். நிறுவனம் செய்த ஆர்.எம்.எக்ஸ்.16 டிஜிட்டல் ரிவெர்ப்பில் ‘நான்லின்’ என்ற நிரல் இருந்தது. அதில் அறையும் இல்லை, கேட்டும் இல்லை. செங்கல் வடிவ முழக்கத்தை நேரடியாகவே கணக்கிட்டுக் கொடுத்தது. 1985 வாக்கில் யமஹாவின் எஸ்.பி.எக்ஸ்.90 அதையே குறைந்த விலையில் சின்ன ஸ்டுடியோக்களுக்கும் கொண்டுவந்தது. லின்டிரம் போன்ற டிரம் இயந்திரங்களின் ஒலிகளும் வறண்டவை. அவற்றுக்கு ஓர் அறை தேவைப்பட்டது, இந்தப் பெட்டி அதைத் தந்தது. அதன்பிறகு கேட்டட் ரிவெர்ப் இல்லாத பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று, அதனாலேயே தொண்ணூறுகளில் எல்லாருக்கும் சலித்தும் போனது.

‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டை அலைவடிவம் காட்டும் மென்பொருளில் திறந்து 3 நிமிடம் 40 விநாடிப் பக்கம் போங்கள். அதுவரை ரோலண்ட் சி.ஆர்.78 என்ற சின்னத் தாள இயந்திரம்தான் டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். பிறகு டாம்களின் அடிகள் வருகின்றன. ஓர் அடியைத் திரை அகலத்துக்குப் பெரிதாக்கினால், நேராக ஏறும் இடது விளிம்பும் அதிகம் சரியாத உச்சியும் தெரியும். வலது பக்கம் அலை மெலிந்து ஓடாமல் ஒரேயடியாக விழுவதையும் பார்க்கலாம்.