டன்ஜன் மாஸ்டர்: பொருள், வேர், தமிழ்ச் சொல்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போன்ற கற்பனைச் சாகச ஆட்டங்கள் உண்டு. அவற்றில் எல்லாரும் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் எந்த வேடமும் எடுக்காமல், மிச்ச உலகம் முழுவதையும் தன் கையில் வைத்துக்கொள்வார். கோட்டை எங்கே இருக்கிறது, பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன, வாயிற்காவலன் எப்படிப் பேசுவான், விழுந்த பகடைக்கு என்ன பலன் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். வீட்டில் பிள்ளையோடு ஆடும்போது இந்த வேலை பெரும்பாலும் அப்பா தலையிலோ அம்மா தலையிலோ விழும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பார்க்குமுன், அந்த ஆள் என்னதான் செய்கிறார் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்துவிடலாம். எட்டு வயது மகள் வில்லாளி வேடத்தில் இருக்கிறாள். அம்மாதான் டிஎம்.

"பாலத்துக்குக் குறுக்கே ஒரு பூதம் படுத்திருக்கு. குறட்டைச் சத்தம் காதைப் பிளக்குது. நீ என்ன செய்யப் போற?"

"எழுப்புவேன்."

"எப்படி?"

"அம்புல இருக்கிற இறகை அது மூக்குல விடுவேன்."

"சரி, உருட்டு. பத்தோ அதுக்கு மேலேயோ விழுந்தா நல்லபடியா எழுந்திருக்கும்."

இருபது முகப் பகடையில் ஏழு விழுகிறது.

"பூதம் போட்டது பாரு ஒரு தும்மல், உன் தொப்பி பறந்து ஆத்துல விழுந்துடுச்சு. எழுந்து உட்கார்ந்து, 'யார்றா அவன்?'னு கத்துது."

"'யார்றா'ன்னு கேட்கக் கூடாதும்மா. நான் பொண்ணுன்னு அதுக்குச் சொல்லு."

இந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே அம்மா நான்கு வேலை பார்த்துவிட்டார். இடத்தைக் காட்டினார். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். பகடைக்குத் தீர்ப்புச் சொன்னார். பூதத்தின் வாயாகவும் பேசினார். அவர் செய்யாத ஒன்றும் உண்டு: கதையை முடிவு செய்யவில்லை. மகள் பூதத்தைத் தாண்டிப் பூனைநடை போடுவாள் என்றுதான் அவர் நினைத்து வைத்திருப்பார். இறகு, மூக்கு, தும்மல் எதுவும் அவர் போட்ட திட்டத்தில் கிடையாது. நாம் தேடும் தமிழ்ச்சொல் இந்த நான்கு வேலையையும் தாங்க வேண்டும். செய்யாத வேலையை அவர் மேல் ஏற்றவும் கூடாது.

சொல் பிறந்த கதைக்கு வருவோம். பிரஷ்யப் படையில் 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தந்தை தொடங்கிவைத்த மேசைப் போர் ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி, படை அதிகாரிகளின் பயிற்சிக்காக வெளியிட்டார். இரண்டு தரப்பும் தங்கள் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். களத்தில் என்ன நடந்தது, யாருக்கு எது தெரியும் என்பதை அவர் சொல்வார். எல்லாம் தெரிந்த, எந்தப் பக்கமும் சேராத ஓர் ஆள் மேசைக்கு வந்தது இப்படித்தான். அமெரிக்காவில் 1880-இல் டாட்டன் என்ற அதிகாரி எழுதிய போர் ஆட்டக் கையேட்டிலும் இந்த நடுவர் இருந்தார். மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் அந்தப் பழைய கையேட்டைப் படித்துவிட்டு, 1969-இல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் ஆளுக்கொரு படை கொடுப்பதற்குப் பதிலாக, ஆளுக்கொரு மனிதனைக் கொடுத்தார். ஒருவர் நகர மேயர், ஒருவர் கல்லூரி மாணவர் என்று. ஆட வந்தவர்கள் விதிமுறையில் இல்லாததையெல்லாம் செய்ய ஆரம்பித்தார்கள். நடுவர் அந்தந்த நொடியில் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் இதைப் பிளாக்மூர் என்ற மாயக் கோட்டைக்குக் கொண்டுபோனார். 1972-இன் பிற்பகுதியில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊருக்குப் போய், கேரி கைகாக்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளருக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் உடனே தானும் ஒரு கோட்டையை வரைந்தார், அதற்குக் கீழே ஒரு நிலவறையை வரைந்தார். சரி, யாரை வைத்துச் சோதித்துப் பார்ப்பது? வீட்டிலேயே ஆள் இருந்தார்கள். மகன் எர்னியும் மகள் எலீஸும்தான் அந்த நிலவறைக்குள் முதலில் இறங்கியவர்கள். முதல் புதையலும் அவர்களுக்கே கிடைத்தது: 3,000 செப்புக் காசுகள் நிறைந்த பெட்டி. தூக்க முடியாத கனம். பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். அவர்கள் தூங்கப் போனதும் அப்பா இரண்டாவது தளத்தை வரைய உட்கார்ந்துவிட்டார்.

ஆக, பிள்ளையை உட்கார வைத்து இந்த ஆட்டம் ஆடுவதைப் பெரியவர்கள் ஆட்டத்தைச் சிறுவர்களுக்காக நீர்த்துப்போகச் செய்வதாக யாராவது சொன்னால், வரிசை தலைகீழ் என்று சொல்லிவிடலாம். பெயர் வைத்ததிலும் பிள்ளைக்குப் பங்கு இருக்கிறது. கைகாக்ஸ் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதிப் படித்துக்காட்ட, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் பிடித்திருக்கிறது என்றது அவருடைய சின்ன மகள்.

1974-இல் மூன்று மெல்லிய கையேடுகளாக ஆட்டம் வெளிவந்தபோது, அவற்றில் டன்ஜன் மாஸ்டர் என்ற சொல் கிடையாது. 'ரெஃப்ரீ', அதாவது நடுவர், என்றுதான் இருந்தது. அடுத்த ஆண்டு பிளாக்மூர் பெயரில் வந்த இணைப்பு நூலில் டன்ஜன் மாஸ்டர் இடம்பிடித்தது. 1979-இல் அவருக்கென்றே தனிக் கையேடு வந்துவிட்டது. மற்ற நிறுவனங்கள் தங்கள் ஆட்டங்களில் வேறு பெயர்கள் வைத்துக்கொண்டன: பொதுவாக 'கேம் மாஸ்டர்', ஒன்றில் 'கீப்பர்', இன்னொன்றில் 'ஸ்டோரிடெல்லர்'. எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும் சொல் தேவையென்றால் கேம் மாஸ்டர்தான்.

இனி வேர். 'டன்ஜன்' என்றதும் நமக்கு இருட்டறை, சங்கிலி, எலி நினைவுக்கு வரும். ஆனால் அதன் மூலமான பழைய பிரெஞ்சுச் சொல் 'டோன்ஜோன்' குறித்தது பாதாளத்தை இல்லை, கோட்டைக்கு நடுவே உயர்ந்து நிற்கும் பெருங்கோபுரத்தை. பாரிஸ் பக்கத்தில் வான்சென் கோட்டையில் சுமார் 50 மீட்டர் உயரத்தில் அப்படியொன்று இன்றும் நிற்கிறது. பிரபுவின் இடம் என்பதால், எசமானரைக் குறிக்கும் 'டொமினஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர். ஆங்கிலத்துக்குப் போன பிறகு, கோபுரத்தின் பெயர் அதன் அடியில் இருந்த சிறைக்கு இறங்கிவிட்டது.

'மாஸ்டர்' லத்தீன் 'மாகிஸ்டர்' வழி வந்தது. 'அதிகம்' என்ற பொருள் தரும் அடிச்சொல்லிலிருந்து பிறந்ததால், மேலானவர், ஆசான் என்று பொருள். அதே அச்சில், 'குறைவு' என்ற சொல்லிலிருந்து வார்த்தது 'மினிஸ்டர்', அதாவது பணியாள். (இதை நம் மாண்புமிகுக்களிடம் போய்ச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.) மாகிஸ்டர் தமிழுக்குள் இரண்டு தடவை நுழைந்திருக்கிறார். முதலில் போர்ச்சுகீசிய 'மெஸ்த்ரே' வழியாக மேஸ்திரியாக வந்தார். பிறகு ஆங்கிலம் வழியாக டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டராக வந்தார். தமிழ்க் காதில் மாஸ்டர் என்பது அடக்கி ஆளுபவரின் பெயர் இல்லை, கைத்தொழில் தெரிந்தவரின் பெயர். அதனால் 'டன்ஜன் மாஸ்டர்' என்று அப்படியே எழுதினாலும் நம் ஆட்களுக்கு உறுத்தாது. ஆனாலும் ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் பேசும்போது டன்ஜன் வாயில் நிற்பதில்லை.

தமிழாக்கம் என்று இறங்கினால் முதலில் கைக்கு வருவது 'நிலவறைத் தலைவர்'. நிலவறை நல்ல சொல்தான். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் அறைகளை 2011-இல் திறந்தபோது பாதாள அறை, நிலவறை என்று எல்லாரும் பேசினார்கள். ஆட்டத்தில் வரும் டன்ஜனுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலைவரைச் சேர்த்ததும் குடோன் பொறுப்பாளர் வாடை அடிக்கிறது. தவிர, கதை காட்டிலும் கடலிலும் நடக்கும்போது நிலவறை எங்கே இருக்கிறது? 'ஆட்ட நாயகன்' கிரிக்கெட்காரர்கள் கொண்டுபோன சொல். 'ஆட்ட நடத்துநர்' என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் விசில் சத்தத்தையும் டிக்கெட்டையும்தான் நினைப்பார்கள். 'நடுவர்' 1974-க்குச் சரியான சொல், ஆனால் நான்கு வேலைகளில் ஒன்றைத்தான் சொல்கிறது.

'சூத்திரதாரி' கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. நாடக மரபில் கயிற்றைப் பிடித்திருப்பவர். இன்றைய செய்திகளிலோ குண்டுவெடிப்புக்கும் கடத்தலுக்கும் பின்னால் இருப்பவர்தான் சூத்திரதாரி. அதைவிடப் பெரிய சிக்கல் அந்தக் கயிறுதான். நூலில் ஆடும் பொம்மையாகப் பிள்ளையை வைத்திருந்தால் அது இந்த ஆட்டமே இல்லை.

பலரும் கடைசியில் வந்து நிற்பது 'கதைசொல்லி' என்ற சொல்லில். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தேர்வு. மற்றவை பொருந்தாமல் நிற்கின்றன, அவ்வளவுதான். இது பொருந்துவது போலவே இருந்து ஆட்டத்தைக் கெடுத்துவிடும். கதைசொல்லி என்று பெயர் வைத்துவிட்டால் அப்பா கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். அரசனின் மூன்று தலைமுறை வரலாறு, காட்டின் வர்ணனை, வில்லனின் நீண்ட வசனம் எல்லாம் வரும். பிள்ளை பகடையை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கும். கதைசொல்லிக்கு எதிரே இருப்பவர் கேட்பவர். டிஎம்முக்கு எதிரே இருப்பவர் கேட்பவர் இல்லை, செய்பவர்.

தெருக்கூத்தில் இதற்குத் தோதான ஆள் ரொம்ப நாளாக நின்றுகொண்டிருக்கிறார்: கட்டியக்காரன். மன்னர் வருகிறார், பராக் என்று முன்னே அறிவிப்பதுதான் கட்டியம். கூத்தில் இவர் வேலை அத்தோடு நிற்பதில்லை. திரைக்குப் பின்னால் வேஷக்காரர் வந்து நின்றதும், தாங்கள் யார், எந்த நாடு, இங்கே வந்த காரணம் என்ன என்று கேள்வி கேட்டு அவரைப் பேசவைப்பவர் இவர். இடம் எது, நடப்பது என்ன என்று சபைக்குச் சொல்வார். காவலாள், தூதன், வேலைக்காரன் என்று ஆள் இல்லாத வேடத்துக்கெல்லாம் இவரே ஆள். வேஷக்காரர் எதிர்பாராததைச் சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே பதில் கட்டுவார். டிஎம்மின் நான்கு வேலையில் மூன்று இங்கேயே இருக்கின்றன. கேள்வி கேட்பது அதில் முதலில் நிற்கிறது. "நீ என்ன செய்யப் போற?" என்ற கேள்விதான் இந்த ஆட்டத்தின் அச்சாணி என்பதால், எனக்கு அது ஒன்றே போதும்.

இரண்டு ஆட்சேபம் வரலாம். கட்டியக்காரன் கோமாளியும் ஆயிற்றே? ஆமாம். தும்முகிற பூதத்தை நடிப்பவருக்கு அதில் என்ன கௌரவக் குறைச்சல்? அடுத்தது, கட்டியக்காரனுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லையே? அது உண்மை. அதனால் விதிநூல், கட்டுரை போன்ற இடங்களுக்கு 'ஆட்ட நெறியாளர்' என்பதைக் கேம் மாஸ்டருக்கு இணையாக வைத்துக்கொள்ளலாம். நெறி என்றால் விதியும்தான், வழியும்தான். வீட்டு மேசைக்குக் கட்டியக்காரர், கட்டியக்காரி. ஒரு எச்சரிக்கை: 'கட்டியங்காரன்' என்று நீட்டினால், சீவக சிந்தாமணியில் மன்னனைக் கொன்று நாட்டைப் பிடித்த அமைச்சன் வந்து நிற்பான்.

தீர்ப்பு வேலையில் பாதியைப் பகடை பார்த்துக்கொள்ளும். இருபது முகப் பகடை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. தாயக்கட்டை போதும். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று முகமுள்ள இரண்டு கட்டையையும் உருட்டினால் மொத்தம் 16 வகையில் விழும். மறு ஆட்டம் தரும் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு நான்கும் சேர்ந்து 16-க்கு 6 தடவை. இதைக் கடினமான காரியத்துக்கு வைக்கலாம். சுமாரான காரியமென்றால், மொத்தம் 4 விழுவதையும் வெற்றியாகச் சேர்த்துக்கொண்டால் 16-க்கு 9 ஆகும். இருபது முகப் பகடையில் பத்தோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 20-க்கு 11. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தாயம் விழுந்தால் கத்துவதற்குப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

கூட வரும் சொற்கள் சில. 'கேரக்டர்' என்பதற்குப் பாத்திரம் என்பதைவிட வேடம் நல்லது. பாத்திரம் என்றால் சின்னவர்களுக்கு அடுப்படிதான் ஞாபகம் வருகிறது. மாதக்கணக்கில் விட்ட இடத்திலிருந்து தொடரும் 'கேம்பெய்ன்' தொடராட்டம். கட்டியக்காரர் நடிக்கும் காவலன், கடைக்காரி போன்றவர்கள் உதிரி வேடங்கள். டிராகனை டிராகனாகவே விட்டுவிடலாம். அடிபடும்போது குறையும் 'ஹிட் பாயின்ட்'டுக்கு உயிர்ப்புள்ளி என்று எழுதலாம். பேச்சில் தெம்பு என்றாலே போதும்: "பூதம் ஒரு தட்டு தட்டுச்சு, இப்ப உனக்கு மூணு தெம்புதான் பாக்கி. ஓடுறியா, நிக்கிறியா?"