சாக்சபோனில் கமகம் பிறப்பது எப்படி?

தேவாலயத் திருவிழாப் பவனிகளில் பேண்டு வாத்தியக்காரர்களின் சாக்சபோனையும், சுசீந்திரம் தேரோட்டத்தில் நாதஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்த குமரி மாவட்டத்துக் காதுகளுக்கு, 2008-இல் வெளிவந்த ‘கின்ஸ்மென்’ என்ற ஜாஸ் இசைத்தொகுப்பு அந்நியமாகத் தோன்றாது. அமெரிக்கக் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும், ‘டூயட்’ படத்தின் வழியே தமிழர் நன்கறிந்த கத்ரி கோபால்நாத்தும் அதில் ஆல்டோ சாக்சபோன் வாசிக்கிறார்கள். வயலின் வாசிப்பவர் அ. கன்யாகுமரி. இவ்வளவு நல்ல தொகுப்பு நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாமல் போனது எனக்கு உண்மையான வருத்தம். ஒரே வகைக் கருவி இருவர் வாயில் இரு வேறு குரலாக ஒலிப்பதும், சாவிகள் பொருத்திய கருவியில் சுரங்கள் வழுக்கி இறங்குவதும் எப்படி என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

1846-இல் அடோல்ப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற இக்கருவி பித்தளையால் ஆனது என்றாலும், ஒலியைத் தொடங்கி வைப்பது நாணல் தட்டையிலிருந்து சீவிய ஒரு மெல்லிய ரீடுதான். பவனி புறப்படும் முன் வாத்தியக்காரர் அதை நாவில் நனைத்து, ஊதுவாயில் பொருத்தித் திருகை இறுக்குவதைப் பார்த்திருப்போம். ஊதும்போது ரீடு ஒரு கதவைப் போல விரைந்து திறந்து மூடுகிறது. குழலுக்குள் சென்று திரும்பும் அழுத்த அலை அந்தத் துடிப்பின் வேகத்தைத் தன் வசப்படுத்திக்கொள்கிறது.

குழலின் வடிவம் இங்கே முக்கியம். ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீளமுள்ள கிளாரினெட் 147 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்குகிறது. ஆல்டோ சாக்சபோனோ அதைவிட மிக நீண்ட குழலைக் கொண்டும் 139 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது. உருளைக் குழலான கிளாரினெட்டில், அதன் கீழ்ப் பகுதியில், ஒற்றைப்படை மேற்சுரங்களே, அதாவது அடிச்சுரத்தைப் போல 3, 5, 7 மடங்கு வேகத்தில் அதிர்ந்து அதனுடன் சேர்ந்து ஒலிப்பவையே, வலுப்பெறுகின்றன. கூம்புக் குழலான சாக்சபோனில் எல்லா மேற்சுரங்களும் ஒலிப்பதால், மேல் ஸ்தாயிக்குத் தாவும்போது சரியாக ஓர் எண்மம் (ச-விலிருந்து மேல் ச வரை) உயர்கிறது. நாதஸ்வரமும் கூம்புதான். அந்த உறவு காதுக்கே தெரியும்.

ஆனால் சாக்சபோனின் கூம்புக்கு நுனி இல்லை. அது வெட்டப்பட்டு, அந்த இடத்தில் ஊதுவாய் பொருத்தப்படுகிறது. ஊதுவாயின் உள்வெளியும் ரீடின் நெகிழ்வும் சேர்ந்து, இல்லாத நுனியின் கன அளவை ஈடுசெய்கின்றன. உதட்டின் பிடியைத் தளர்த்தினால் ரீடு கூடுதலாக நெகிழ்கிறது, அந்தக் கன அளவு பெருகியதற்கு ஒப்பாகிறது, சுரம் தாழ்கிறது. இறுக்கினால் சற்று உயர்கிறது. சாவிகளை மெல்லத் திறக்கும் விரல்களோடு இந்தப் பிடியும் இணையும்போது, இரு சுரங்களுக்கு இடையே படிகளின்றி நகரும் கமகம் சாத்தியமாகிறது.

வாய்க்குள்ளும் வேலை நடக்கிறது. ரீடின் ஒருபுறம் பித்தளைக் குழல் என்றால், மறுபுறம் வாசிப்பவரின் வாயும் தொண்டையும் சேர்ந்த இன்னொரு குழல் இருக்கிறது. கீழ்ச் சுரங்களில் பித்தளைக் குழலின் ஒத்ததிர்வே ஓங்கி நிற்கும். உச்சச் சுரங்களில் அது வலுவிழப்பதால், நாக்கையும் தொண்டையையும் அசைத்து அந்தச் சுரத்துக்கேற்ப அமைத்துக்கொள்பவரே அவற்றை வாசிக்க முடிகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாசித்துக்கொண்டிருந்த கலைஞர்களின் வாய்க்குள்ளேயே அளந்து இதை 2008-இல் உறுதிசெய்தார்கள்.

‘கின்ஸ்மென்’ தொகுப்பை ஹெட்போனில் கேட்பவர்கள், தாளம் தொடங்காத ஆலாபனைப் பகுதிகளில் நீண்டு நிற்கும் சுரங்களைக் கவனிக்கலாம். கோபால்நாத்தின் சுரம் தொடங்கிய இடத்திலேயே நிற்காமல் மெல்ல வளைவதும், மகந்தப்பாவின் சுரம் கூர்மையாக விழுவதும், உதடும் தொண்டையும் செய்கிற வேறுபாடுகள்.