பொம்மை அசையும் தங்கக் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு

பழைய தங்கப் பாக்கெட் வாட்ச். டயலின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன உருவங்கள். மேலே உள்ள குமிழை அழுத்தினால் அவை கையைத் தூக்கி மணி அடிக்கும். இந்த வகைக் கடிகாரம் பழுதுபார்க்க வரும்போது, "போன வாரம்கூட நன்றாகத்தான் அடித்தது" என்ற பேச்சும் கூடவே வரும். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அடித்துக் காட்டியிருப்பார்கள். ஒருநாள் பாதியில் நின்றிருக்கும். ஆனால் அது அந்த ஒருநாளில் கெட்டதில்லை; பல வருடமாக, அழுத்திய ஒவ்வொரு முறையும் உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து புதிதாக எண்ணெய் போடும்வரை அந்தக் குமிழைத் தொடாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய 1790 முதல் 1820 வரை ஜெனீவாவில் செய்யப்பட்டவை. மணி அடிக்கும் உருவத்துக்கு ஜாக்மார் என்று பெயர். ஐரோப்பிய நகரங்களின் மணிக்கூண்டுகளில் சுத்தியலோடு நிற்கும் பெரிய பொம்மைகளுக்கும் அதே பெயர்தான். அடிப்படையில் இது ஒரு ரிப்பீட்டர் கடிகாரம்; அதாவது, அழுத்தினால் அப்போதைய நேரத்தை மணியடித்துச் சொல்லும். விளக்கு ஏற்றாமலே இருட்டில் மணி தெரிந்துகொள்ள உதவும் இந்த அமைப்புக்கான காப்புரிமைப் போட்டியில், 1687இல் லண்டனின் டேனியல் குவேருக்குச் சாதகமாக முடிவானது. பொம்மைகள் வந்து சேர நூறு வருடம் ஆயிற்று. 1796இல் ஜெனீவாவின் அந்துவான் ஃபாவ்ர் எஃகுச் சீப்பின் பற்களை மீட்டி இசை எழுப்பும் முறையைக் காட்டிய பிறகு, பாட்டோடு ஆடும் உருவங்களும் வந்தன. 1811 முதல் 1828 வரை இயங்கிய பிகே-மேலான் பட்டறையின் வேலைப்பாட்டை இன்றைக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது.

அந்த உருவங்கள் அடிப்பதாகத் தெரியும் மணி வெறும் அலங்காரம். சத்தம் வருவது உள்ளே வளைத்துப் பொருத்திய எஃகுக் கம்பிகளிலிருந்து. குமிழை அழுத்தும்போது நம் விரலின் பலம்தான் உள்ளே இருக்கும் ஒரு தனி ஸ்பிரிங்கை முறுக்குகிறது. நத்தை ஓடுபோல் படிப்படியாகச் செதுக்கிய ஒரு தகடு, எத்தனை அடி விழ வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அவிழ, சுத்தியல்கள் கம்பியை அடிக்கின்றன. அந்த அசைவையே மெல்லிய லீவர்கள் டயலுக்கு அடியில் கொண்டுபோய் உருவத்தின் தோளைத் திருப்புகின்றன. ஆக, சாதாரண ரிப்பீட்டருக்கு இருக்கும் சுமையைவிட இதற்கு அதிகம். அதே சின்ன ஸ்பிரிங்தான் பொம்மைகளையும் தூக்க வேண்டும்.

இப்போது எண்ணெய் காய்ந்துபோனால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழைய எண்ணெய் பிசினாக இறுகும். தூசி அதில் ஒட்டி மென்மையான பித்தளைக்குள் பதிந்து, அங்கிருந்தே எஃகு அச்சை அராவும். அடி மெதுவாகும், கை பாதி உயரத்தில் தயங்கும். அந்தத் தயக்கம்தான் எச்சரிக்கை. "இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சரியாகும்" என்று அழுத்துபவர்கள்தான் உள்ளே சக்கரத்தின் பல்லை உடைக்கிறார்கள்.

சரி, கடிகாரம் நல்ல நிலையில் இருக்கிறது என்றால்? குமிழைக் கடைசிவரை, ஒரே சீராக அழுத்துங்கள். பாதி அழுத்தினால் தப்பாக அடிக்கும். அதைத் தடுக்கும் அமைப்பு எல்லாக் கடிகாரத்திலும் இல்லை. அடித்து முடியும்வரை முள்ளைத் திருப்பக் கூடாது, மறுபடி அழுத்தவும் கூடாது.

பளபளப்பாக்கும் ஆசை இன்னொரு ஆபத்து. பல நிறத் தங்கத்தில் செதுக்கிய உருவத்தில் முகமும் விரலும் முடியளவு நுட்பமானவை. ஒரு முறை பாலிஷ் போட்டால் மூக்கு போய்விடும், திரும்ப வராது. எனாமல் பதித்த கூட்டை, அதாவது கடிகாரத்தின் வெளி உறையை, ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சில்லாகப் பெயர்ந்துவிடும். எனக்கு மனசு ஆறாதது, உடைந்த கையை ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவருவது. பிறகு சூடு காட்டும்போது அந்த ஈயம் தங்கத்துக்குள் இறங்கி அரித்துவிடும். உடைந்த துண்டை ஒரு தாளில் மடித்து அப்படியே கொண்டுவாருங்கள். அது போதும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. சாதாரண ரிப்பீட்டரில் பிற்காலத்தில் பொம்மை சேர்த்து விலை ஏற்றுவது உண்டு. மூடிக்குள் மறைந்திருக்கும் அந்தரங்கக் காட்சிகளில் இது அதிகம். டயலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பயனில்லாத திருகுத் துளை, அடைத்த ஓட்டை, மற்ற பாகங்களோடு ஒட்டாத புது லீவர் தெரிந்தால் விலகிவிடலாம். 1800ஆம் ஆண்டுக் கடிகாரம் என்று சொல்லி, கூட்டில் ஹெல்வெட்டியாவின் (சுவிட்சர்லாந்தைக் குறிக்கும் பெண் உருவம்) தலை முத்திரை இருந்தால் காரணம் கேளுங்கள். 18 காரட்டுக்கான அந்த முத்திரை 1880ஆம் ஆண்டு சுவிஸ் சட்டத்தோடு வந்தது.

தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கூட்டை உருக்கிவிட்டு இயந்திரத்தை மட்டும் டப்பாவில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். அந்த இயந்திரத்துக்கென்றே அளந்து செய்த கூடு அது. எடைக்குக் கொடுப்பதற்கு முன் பழங்கடிகாரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், இந்தியாவில் இருப்பவர்கள் இதை ஜெனீவாவுக்கோ லண்டனுக்கோ பழுதுபார்க்க அனுப்ப நினைத்தால், நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. பார்சல் கட்டுவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேளுங்கள்.