டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது என்பதற்காக ஒப்புதல் தராதீர்கள்

அண்மையில் மீண்டும் அதே பிழையைப் பார்த்தேன். பணப் பரிவர்த்தனை நிரல் ஒன்றில், வங்கியின் பதில் தாமதமானால் கோரிக்கையை மறுபடி அனுப்பும் வசதியைச் சேர்த்திருந்தார்கள். முதல் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறிவிட்டதா என்று சரிபார்க்கும் வரி அதில் இல்லாததால், வாடிக்கையாளர்கள் சிலரின் கணக்கில் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டது. கோட் ரிவ்யூ என்பது ஒருவர் எழுதிய நிரலை ஏற்கும் முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பது. அதன் பதிவில் இருந்தவை, மாறியின் பெயரை மாற்றச் சொன்ன ஒரு குறிப்பு, காலி வரியை நீக்கச் சொன்ன இன்னொரு குறிப்பு, அதற்குப் பிறகு ஒப்புதல். காரணம் கேட்டபோது, நான் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன விடையே வந்தது: "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிவிட்டதே!"

தானியங்கிச் சோதனைகளை எழுதுபவர் பெரும்பாலும் நிரலை எழுதியவரே. ஒரு சூழல் அவருக்குத் தோன்றவே இல்லை என்றால், அதைக் கையாளும் நிரலும் இருக்காது, அதைச் சோதிக்கும் டெஸ்ட்டும் இருக்காது. அவர் எதிர்பார்த்தவை எதிர்பார்த்தபடி நடக்கின்றன என்பதை மட்டுமே திரையில் தெரியும் பச்சைக் குறி சொல்கிறது. கவரேஜ், அதாவது சோதனைகளின்போது இயங்கிய வரிகளின் விகிதம், நூறு சதவீதம் என்று பெருமையுடன் காட்டுவோர் உண்டு; அது எழுதப்பட்ட வரிகளைப் பற்றிய கணக்கு, விடுபட்ட வரி அந்தக் கணக்கில் வராது. "இங்கே என்ன இல்லை?" என்ற கேள்வியோடு இன்னொருவர் படிப்பதற்காகத்தான் ரிவ்யூ இருக்கிறது.

இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தின் ஹார்ட்பிளீட் பிழையை நினைத்துப் பாருங்கள். உடன் வரும் தரவின் நீளம் இவ்வளவு என்று எதிர்முனை சொன்னதை அப்படியே நம்பி, 64 கிலோபைட் வரை நினைவகத்தை நகலெடுத்து அந்த நிரல் திருப்பி அனுப்பியது. அதில் கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும்கூட இருக்கக்கூடும். ஒழுங்கான கோரிக்கைகளுக்கு அது ஒழுங்காகவே பதில் அளித்தது. விடுபட்டது, சொன்ன நீளத்தை உண்மையில் வந்த நீளத்தோடு ஒப்பிடும் ஒரே ஒரு சரிபார்ப்பு வரி. ஒருவர் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே 2011 டிசம்பர் இறுதியில் சேர்க்கப்பட்ட அந்த நிரலின் குறை, 2014 ஏப்ரலில்தான் உலகுக்குத் தெரியவந்தது. ஆகவே யாரோ ஒருவர் பார்த்தார் என்பது போதாது, எதைத் தேடிப் பார்த்தார் என்பதே முக்கியம்.

ஐபிஎம்மில் பணியாற்றிய மைக்கேல் ஃபேகன் 1976இலேயே இதற்கு முறையான வழி வகுத்துவிட்டார்: ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு, முன்கூட்டியே தனியாகப் படித்து வருதல், இரண்டு மணி நேரத்தை மீறாத கூட்டம், அங்கே பிழையைக் கண்டுபிடிப்பது மட்டும், திருத்துவது பிறகு. இன்று கூட்டம் கூட்ட வேண்டியதில்லை என்றாலும், தனியாகப் படிக்கும் அந்த உழைப்புக்கு மாற்று எதுவும் வந்துவிடவில்லை.

இரண்டாயிரம் வரி மாற்றத்தை ஒரே புல் ரிக்வெஸ்ட்டாக (மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையாக) அனுப்பாதீர்கள். வந்தால் படிக்காமலே திருப்பி அனுப்புங்கள். சிஸ்கோவில் நடந்த ஏறக்குறைய 2,500 ரிவ்யூக்களை அலசி 2006இல் வெளியான ஆய்வு, ஒரு தடவைக்கு 200 முதல் 400 வரிகளே தகும் என்றது. இடைவெளி, பெயரிடல் போன்றவற்றை நிரலின் நடையைத் தானாகச் சரிபார்க்கும் லின்ட்டர் கருவியிடம் விட்டுவிடுங்கள், அவற்றுக்கு மனிதக் கண் வேண்டாம். நிரலைத் திறக்கும் முன் அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவை ஆவணத்தைப் படியுங்கள். கோரிக்கை இருமுறை வந்தால், பதில் வராவிட்டால், மதிப்பு காலியாகவோ அளவுக்கு மீறியோ இருந்தால் என்ன ஆகும் என்று எழுதியவரிடமே கேளுங்கள். உங்கள் குழுவை முன்பு பாதித்த பிழைகளைக் கொண்டே இந்தக் கேள்விப் பட்டியலை வளர்த்து வாருங்கள்.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிவ்யூவில் கிடைத்த பிழைகளின் எண்ணிக்கையை வருடாந்திர மதிப்பீட்டில் தயவுசெய்து சேர்க்காதீர்கள். சேர்த்த மறுநாளே நண்பர்கள் ஒருவருக்கொருவர் பிழையைச் சுட்டிக்காட்டுவதை நிறுத்திவிடுவார்கள். ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று) திட்டத்தில் ரிவ்யூவுக்கென்று நேரம் ஒதுக்குங்கள். ஒதுக்காமல் விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கு வந்து "சீக்கிரம் அப்ரூவ் பண்ணுங்கள்" என்று யாரையும் நெருக்காதீர்கள்.